ஏரிக்கரை நொச்சி

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவர் சிலருடன் காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஏனாத்தூருக்குச் சென்றிருந்தோம். இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. ஏரிக்கரைமேல் ஏறியதும் காரமான ஒரு நறுமணம் நம்மை எதிர்கொண்டது. நொச்சி!

ஜலதோஷம் கண்ட நாளில் பாட்டிமார் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் செய்யும் அதே நொச்சிதான். இதன் தழையை நெற்குதிரில் இட்டால் பூச்சி அண்டாது. மாலையில் புகைத்தால் கொசு விலகும். விரல்களைப்போல் ஐந்தாய்ப் பிரிந்த இலை. ஊதாப் பூங்கொத்தைச் சுற்றித் தேனீக்களின் ரீங்காரம். பழந்தமிழ் நாட்டில் மதில் காக்கும் வீரர் சூடிய பூ இது. இன்று இது காப்பது ஏரிக்கரையை. வேர் மண்ணை இறுகப் பற்றுகிறது. மணமே வேலியாக நிற்பதால் ஆடு மாடுகள் வாய்வைப்பதில்லை.

ஆனால் கரையின் மறுபாதியில் நொச்சியைக் காணோம். சீமைக் கருவேலே மண்டிக் கிடந்தது. அங்கே முதியவர் ஒருவர் குனிந்து நொச்சிக் குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் பெரியவரே, இது தானாக முளைக்காதா?" என்றோம்.

"கரையைச் சுத்தம் பண்றோம்னு பொக்லைன் விட்டு ரெண்டையும் வேரோட பறிச்சுட்டாங்க, ஐயா. முள்ளு தானா வந்துடுச்சு. நொச்சியை நாமதான் நடணும்" என்றார்.

உண்மைதான். விறகுக்கென 19-ம் நூற்றாண்டில் அயல்நாட்டிலிருந்து வந்த முள்மரம் அது. அதன் காயை ஆடு மாடுகள் தின்று, விதையைச் சாணத்தோடு எங்கும் பரப்புகின்றன. அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளிலும் இதுவே கதை. அங்கு 'ஸேஜ்பிரஷ்' என்னும் வாசனைப் புதர், வந்தேறிப் புல்லில் மூளும் தீக்கு இரையாகிறது. தீ அணைந்ததும் புல் உடனே தழைக்கிறது. புதரோ எளிதில் மீள்வதில்லை.

இதே ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த விதத்தைக் கூறுகின்றன. ஏரியைக் காப்பது ஊரார் கடமை என்று அறிந்திருந்தவர்கள் நம் முன்னோர். அக்கடமையை இன்று ஒரு முதியவர் தனியே சுமப்பதா?

மாணவர்கள் கேளாமலே ஆளுக்கொரு குச்சி வாங்கி ஈரமண்ணில் ஊன்றினார்கள். வாசகர்களும் தம்மூர் ஏரிக்கரைக்கு ஒருமுறை சென்று பார்ப்பாராக. வீடு திரும்பிய பின்னும் நம் கைகளில் நொச்சியின் மணம் இருந்தது.