ஓட்டை போட்ட பாட்டில்

திராட்சைக்குக் கவாத்து வெட்டி முடிச்சாச்சு. ரெண்டு நாள் கொஞ்சம் ஓய்வு. ரொம்ப நாளா எழுத நெனச்ச ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடுறேன். எங்க தெருவுல சாயங்காலம் நடக்குற பிள்ளைங்க வகுப்பைப் பத்தித்தான்.

எங்க பக்கம் தெரியாதவங்களுக்கு ஒரு விவரம். கம்பம் பள்ளத்தாக்குல விடியுறதுக்கு முன்னாடியே ஜீப் சத்தம் கேட்கும். கம்பம், கூடலூர், கோம்பை, போடின்னு எல்லா ஊர்லயிருந்தும் பொம்பளைங்க ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி கேரளாவுக்குப் போறாங்க. திரும்பி வீடு வந்து சேர ஆறு ஏழு மணி ஆயிடும். பள்ளிக்கூடம் நாலு மணிக்கெல்லாம் விட்டுடும். நடுவுல அந்த மூணு மணி நேரம் பிள்ளைங்களைக் கேட்க ஆள் கிடையாது. கொஞ்சம் பெரிய பொண்ணா இருந்தா தம்பி தங்கச்சியப் பார்த்துக்கிட்டு உலை வைக்கும். சின்னதுன்னா தெரு, செல்போன், இல்லைன்னா வாய்க்கா கரை. எனக்குப் பயமே அந்த வாய்க்கா கரைதான்.

கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்தப்ப பிள்ளைங்க படிச்சதையெல்லாம் மறந்து போச்சு. மூணாவது படிக்கிறது எழுத்துக்கூட்ட முடியாம முழிச்சது. அதைச் சரி பண்ணத்தான் அரசாங்கம் ‘இல்லம் தேடிக் கல்வி’ன்னு ஒண்ணு ஆரம்பிச்சது. 2021 அக்டோபர் 27 அன்னைக்கு விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்துல முதலமைச்சர் தொடங்கி வச்சார். முதல்ல சில மாவட்டத்துல மட்டும் நடந்து, பெறகு எங்க தேனிக்கும் வந்தது. ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு, ஊர்லயே படிச்ச ஒருத்தர் தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கணும்னு இருந்துச்சு. பிள்ளைங்களுக்குக் காசு கிடையாது. சொல்லிக் கொடுத்தவங்களுக்கு அப்ப மாசம் ஆயிரம் ரூவா.

எங்க தெருவுக்கு வந்தது ஒரு மருமகப் பொண்ணு. பி.எஸ்ஸி. படிச்சிட்டு வீட்டுல இருந்துச்சு. எங்க வீட்டுத் திண்ணையும் முன்னாடி இருக்குற வேப்பமர நிழலும் தோதா இருக்குன்னு கேட்டுச்சு. நானும் சரின்னேன். வாய்ப்பாடு, கட்டுரைன்னு ஏதாவது நடக்கும்னுதான் நெனச்சேன். பார்த்தா ஒரே விளையாட்டு. உறிஞ்சுகுழலை நறுக்கி ஊதல் செய்யுதுங்க. பழைய நியூஸ்பேப்பரை மடிச்சு தொப்பி, பறவை செய்யுதுங்க. பூவரச இலையில சாயம் தடவித் தாள்ல ஒத்தி எடுக்குதுங்க.

“ஏத்தா, படிப்பு எப்ப ஆரம்பிப்ப?”ன்னு கேட்டே விட்டேன்.

“இதான் மாமா படிப்பு”ன்னு சிரிச்சுட்டுப் போயிடுச்சு.

ஒரு நாள் செல்போன்ல வீடியோ காட்டுச்சு. அரவிந்த் குப்தான்னு ஒருத்தர். ஐ.ஐ.டி.யில படிச்ச இஞ்சினியர். குப்பையில போடுற பொருளை வச்சே நூத்துக்கணக்குல அறிவியல் பொம்மை செஞ்சு காட்டுறார். தமிழ்லயும் அந்த வீடியோ இருக்கு. மத்தியப் பிரதேசத்துல ஹோசங்காபாத் பக்கம் 1972-லயே கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல பிள்ளைங்களே சோதனை செஞ்சு அறிவியல் படிக்கிற ஏற்பாடு இருந்திருக்கு. அதுல இவரும் போய்ச் சேர்ந்தவராம். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். ஒரு லென்சைக் கையில தொட்டது கிடையாது. பரிசோதனைன்னா நோட்டுல படம் வரையுறதுதான் எங்களுக்கு.

இப்ப சொல்ல வந்த கதைக்கு வர்றேன். எதிர்வீட்டுல ஒரு புள்ள, அப்ப அஞ்சாவது. அப்பா இல்லை. அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகுது. என் தோட்டத்துல அரை ஏக்கர் காய்கறி இருக்கு. த்ரீ ஃபேஸ் கரண்டு வர்றப்ப மோட்டார் போட்டு ஆயிரம் லிட்டர் டேங்க்ல ஏத்திக்கிட்டு, அதுலயிருந்து சொட்டுநீர் விடுவேன். கடைசி ரெண்டு வரிசைக்குத் தண்ணியே போய்ச் சேராது. ஃபில்டரைக் கழுவிப் பார்த்தேன், டியூப் அடைப்பை எடுத்துப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கலை. சரி, ரெண்டாயிரம் லிட்டர் டேங்கா மாத்திட்டா தண்ணி கனத்துல தள்ளிடும்னு கடையில விலை கேட்டு வச்சிருந்தேன். அதைத் திண்ணையில உட்கார்ந்து வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அந்தப் புள்ள காதுல விழுந்துடுச்சு. “தாத்தா, பெரிய டேங்க்னா தண்ணி தூரமா பீச்சாது”ன்னுச்சு.

“போத்தா, அம்புட்டுத் தண்ணி சேர்ந்து தள்ளுனா பீச்சாம என்ன செய்யும்?”

“பந்தயமா?”

ரெண்டு லிட்டர் பாட்டில் ஒண்ணு, பழைய இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒண்ணு எடுத்துச்சு. அந்த வகுப்புப் பொண்ணு ஒரே ஆணியைக் காய்ச்சி, ரெண்டுலயும் அடியிலயிருந்து ஒரே உயரத்துல ஓட்டை போட்டுக் கொடுத்துச்சு. ஓட்டையில டேப் ஒட்டி, ரெண்டுலயும் ஒரே மட்டத்துக்குத் தண்ணி ஊத்தித் திண்ணை விளிம்புல வச்சாங்க. வாளிதான் தூரமா அடிக்கும்னு நான் பத்து ரூவா கட்டினேன். டேப்பை உருவுன உடனே ரெண்டும் ஒரே இடத்துல போய் விழுந்துச்சு. பாட்டில்ல தண்ணி சீக்கிரம் எறங்கினதால கொஞ்ச நேரத்துல அது மட்டும் பின்வாங்குச்சு. பாட்டில்ல மறுபடி வாளி மட்டத்துக்கு ஊத்துனா மறுபடி அதே இடம்.

எம்புட்டுத் தண்ணி இருக்குன்னு கணக்கு இல்லை, எம்புட்டு உயரத்துல இருக்குன்னுதான் கணக்கு. டேங்க் உயரத்துல இருந்தா வேகம் வரும்னு எனக்கும் தெரியும். ஆனா அகலம் சேர்ந்தா வேகம் கூடாதுங்கிறது அம்பது வயசு வரைக்கும் தெரியாது. பெரிய டேங்க் வாங்கலை. கொத்தனாரை வச்சு இருந்த திண்டையே நாலடி உயர்த்தினேன். கடைசி வரிசை கத்தரி இப்பக் காய்க்குது. பத்து ரூவாயையும் கொடுத்துட்டேன்.

அதோட அந்தப் புள்ள விடலை. “அப்ப பெரியாறு அணை ஏன் தாத்தா அடியில அம்புட்டு அகலம்?”ன்னு கேட்டுச்சு. 1895-ல பென்னிகுவிக் கட்டுன அணை. மேல 12 அடி அகலம், அடியில 138 அடி. தண்ணி ஆழம் ஆக ஆகத்தான் அழுத்தம் கூடுது, அதான் கீழ பெருசாக் கட்டியிருக்காங்க. தேக்கடி ஏரி எம்புட்டுத் தூரம் பரந்து கெடந்தாலும் அணையைத் தள்ளுறது ஆழம்தான். லோயர் கேம்ப் போற வழியில மலையிலயிருந்து எறங்குற நாலு பெரிய குழாயை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அதுவும் உயரத்தை வச்சுக் கரண்டு எடுக்குறதுதான். 14,707 ஏக்கர் இருபோகம் அந்தத் தண்ணியில வெளையுது. நீர்மட்டம் 142-ஆ, 130-ஆன்னு தினம் பேப்பர்ல பார்க்குறேன். இம்புட்டு நாள்ல ஏன்னு ஒரு கேள்வி கேட்டதில்லை. பாட்டில்ல ஓட்டை போட்ட புள்ளதான் கேட்டுச்சு.

கோடை லீவுல பிள்ளைங்க அட்டையில முகமூடி செஞ்சு ஊர்ச் சாவடி முன்னாடி நாடகம் போட்டுச்சுங்க. கதையும் அதுங்களே கட்டினது. நாலு நாற்காலியைப் போட்டு அதான் ஜீப். நெரிசலா ஏறி மலைக்குப் போற மாதிரி ஆடிக் காட்டினப்ப பொம்பளைங்க எல்லாம் வாய்விட்டுச் சிரிச்சாங்க. பெறகு ஒரு சின்னப் பையன் லைட் போடாம வாசல்ல உட்கார்ந்து, ஒவ்வொரு ஜீப்பா எண்ணிக்கிட்டு இருக்கான். “இதுலயும் அம்மா வரலை”ங்கிறான். அம்புட்டுதான் வசனம். சிரிப்பு நின்னு போச்சு. எதிர்வீட்டுப் புள்ளையோட அம்மா முந்தானையில முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, “அண்ணே, இது இப்படி இருட்டுல உட்கார்ந்திருக்கும்னு எனக்குத் தெரியாதுண்ணே”ன்னுச்சு. பக்கத்து வீட்டுல இருக்குற எனக்கே தெரியலையே, நான் என்ன சொல்ல?

போன வருசம் அந்த மருமகப் பொண்ணு வீட்டுக்காரர் வேலைக்காகத் திருப்பூர் போயிடுச்சு. அதைக் குத்தம் சொல்ல முடியாது, ஆயிரம் ரூவாயில குடும்பம் ஓடாது. மூணு மாசம் திண்ணை காலியாக் கெடந்துச்சு. பிள்ளைங்க மறுபடி வாய்க்கா கரைக்குப் போக ஆரம்பிச்சதுங்க. அஞ்சு மணி ஆனா எனக்கு உட்கார முடியலை. தெருவுல நாலு பேர்கிட்டப் பேசினேன். காலேஜ் போற ஒரு பொண்ணு வாரத்துல நாலு நாள் பார்த்துக்கிறேன்னுச்சு. நாங்க வீட்டுக்கு அம்பது ரூவா போட்டு அதோட பஸ் செலவுக்குக் கொடுக்குறோம். லைட்டும் சுண்டலும் என் பொறுப்பு.

அஞ்சாவது நாளா வெள்ளிக்கிழமை என்னை வரச் சொன்னாங்க. எனக்கு என்ன தெரியும்? விதைநெல் தேர்வு தெரியும். வாளியில தண்ணி வச்சு, ஒரு கோழிமுட்டையைப் போட்டு, முட்டை மேல வந்து நாலணா அளவு தெரியுற வரைக்கும் உப்பைக் கரைச்சேன். நெல்லைக் கொட்டினா சாவி எல்லாம் மெதந்துச்சு, தரமானது அடியில நின்னுச்சு. நிக்கிற நெல்லை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசணும், இல்லைன்னா உப்பு மொளைப்பைக் கெடுத்துடும்னும் சொல்லிக் கொடுத்தேன். இதை எங்க அப்பாகிட்டக் கத்துக்கிட்டேன், முப்பது வருசமாச் செய்றேன்.

“நல்ல தண்ணியில முங்குன முட்டை உப்புத் தண்ணியில ஏன் தாத்தா மெதக்குது?” அதே புள்ளதான். இப்ப அது ஏழாவது.

எனக்குத் தெரியலைன்னு சொன்னேன். சொல்லக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு. அதுங்க அதைக் கண்டுக்கலை. ஒருத்தன் தராசு எடுக்க ஓடினான். ஒரு படி நல்ல தண்ணி, ஒரு படி உப்புத் தண்ணி, ரெண்டையும் நிறுத்துப் பார்க்கப் போறாங்களாம்.

உங்க தெருவுலயும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு திண்ணை காலியா இருந்தா யோசிச்சுப் பாருங்க. தராசு வந்துடுச்சு, நான் போகணும். மறுபடி பேசுவோம்.