அடக்க வேண்டியது எச்சரிக்கையை அல்ல

சி மொழியில் வன்பொருளை ஒட்டி நிரல் எழுத வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: கம்பைலர் எச்சரிக்கும்போது என்ன செய்கிறார்கள்? வேகம் போகப்போக வந்துவிடும். எச்சரிக்கைக்குக் காதுகொடுக்கும் குணம் தொடக்கத்திலேயே வர வேண்டும்.

நெட்வொர்க்கில் வரும் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் ஈதர்நெட் ஹெடர் 14 பைட். அடுத்து வரும் ஐபிவி4 ஹெடருக்குள் 12 பைட் தள்ளி அனுப்பியவரின் முகவரி இருக்கிறது. ஆக, பாக்கெட்டின் தொடக்கத்திலிருந்து 26 பைட் தள்ளி. 4 பைட் கொண்ட எண் பொதுவாக 4ஆல் வகுபடும் இடத்தில் உட்கார வேண்டும், 26 வகுபடாது. பைட் பாயின்டரை 32 பிட் எண்ணின் பாயின்டராக காஸ்ட் செய்தால், அலைன்மென்ட் தேவை கூடுகிறது என்று கம்பைலர் சொல்வது இதனால்தான்.

நடுவில் ஒரு வாய்டு பாயின்டர் காஸ்ட் போட்டால் அந்தக் குரல் அடங்கிவிடும். ஆனால் எண் இருக்கும் இடம் இம்மியும் நகர்ந்திருக்காது.

எழுதியவரின் கணினியில் அந்த நிரல் நன்றாகவே ஓடும். இன்டெல், ஏஎம்டி பிராசஸர்கள் இந்தப் பிசகைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றன. அதனால் ஜிசிசி கம்பைலரிடம் இந்த எச்சரிக்கையைச் சாதாரணமாகக் கேட்டால்கூட அங்கே அது வராது. கண்டிப்பான வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதே நிரலை கார்டெக்ஸ் எம்0 சிப்பில் ஏற்றினால் அந்த வரியிலேயே ஹார்டு ஃபால்ட் வந்து நின்றுவிடும். பழைய ஆர்ம் பிராசஸர்கள் சில நிற்கவும் செய்யாது. பைட்டுகளைச் சுழற்றித் தவறான எண்ணைக் கையில் கொடுத்துவிடும். இன்டெலிலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. ஆப்டிமைசேஷனைக் கூட்டும்போது, 16 பைட் அலைன்மென்ட்டை வற்புறுத்தும் கட்டளைகளை கம்பைலர் பயன்படுத்தினால், அதுவரை ஓடிய நிரல் அங்கேயும் விழும்.

அம்மா பொறுத்துக்கொண்ட பழக்கம் விடுதி அறைக்குப் போன முதல் வாரத்திலேயே சண்டையாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழக்கம் அங்கே போய்க் கெட்டுவிடவில்லை. பொறுத்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். யாரும் குறை சொல்லாததாலேயே நாம் சரியாக இருக்கிறோம் என்று எண்ணிவிடக் கூடாது.

திருத்துவது கடினமும் இல்லை. அந்த 4 பைட்டை மெம்காப்பியால் ஒரு மாறிக்குள் நகலெடுத்துப் படியுங்கள். வேகம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பிராசஸர் இடம்கொடுத்தால், ஆப்டிமைசேஷனில் கம்பைலர் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடும். பஃபர் உங்களுடையது என்றால் அலைன்அஸ் போட்டு அறிவியுங்கள். லினக்ஸ் டிரைவர்கள் பலவற்றில் பாக்கெட்டுக்கு முன் 2 பைட் காலியாக விடுகிறார்கள். 14உடன் 2 சேர்ந்தால் 16. ஐபி ஹெடர் தானாகவே ஒழுங்கான இடத்தில் வந்து அமர்கிறது. வருவதை முன்கூட்டியே எண்ணி இடம்விட்டவர்களின் வேலை அது.

சில சமயம் எச்சரிக்கை தேவையற்றதாகவும் இருக்கும். அந்த முகவரி எப்போதும் 4ஆல் வகுபடும் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கலாம். அப்போது காஸ்ட் போடுங்கள், தவறில்லை. ஆனால் அதை நிரலே சரிபார்க்கும்படி ஒரு அசர்ட்டும், காரணத்தைச் சொல்லும் ஒரு வரிக் குறிப்பும் பக்கத்தில் இருக்கட்டும். உங்களுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடன் அது.

குறை சொல்பவர் கம்பைலராக இருக்கலாம், உடன் வேலை செய்பவராக இருக்கலாம், வீட்டாராக இருக்கலாம். தவறு நம்முடையது என்றால் திருத்துவோம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று காட்டுவோம். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் அந்தக் குரலை மட்டும் அடக்குபவருக்கு, அடுத்த தவறைச் சொல்ல ஆள் இருக்காது.