நீருள் இறங்கும் பெருந்தெரு

றொறன்ரோவில் வாழும் நம்மவர் மொன்றியாலிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்வதாயின் 401ஆம் இலக்க நெடுஞ்சாலையே வழி. ஐந்தாறு மணி நேர ஓட்டம். வண்டியில் இருப்போர் பெரும்பாலும் உறங்கிவிடுவர். கோண்வால் நகரை அணுகுவதற்குச் சற்று முன்னே தெற்குப் புறமாகத் திரும்பினால், இரண்டொரு கல் தொலைவில், சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் இங்கிள்சைட் என்னும் சிற்றூர் இருக்கின்றது. விரைந்து செல்வோர் அதனைக் காண்பதில்லை. நாம் கண்டது, உடன் வந்த சிறுவர் பசியெடுத்து அழுததன் பயனேயாகும்.

ஆறு என்றோம். கரையில் நின்று நோக்குவார்க்கு அஃது ஏரியாகவே தோன்றும். அக்கரை அமெரிக்க ஐக்கிய நாடு. இடையே பரந்து கிடக்கும் நீரில் பாய்மர ஓடங்களும் இயந்திரப் படகுகளும் ஓடித் திரிகின்றன. பதினொரு தீவுகளைப் பாலங்களாலும் தாம்போதிகளாலும் கோத்து, லோங் சூ என்னும் அடுத்த ஊர்வரை அழகியதொரு பாதை அமைத்திருக்கின்றனர். கோடை பிறந்ததும் கூடாரங்களும் தூண்டில்களும் கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து தங்குவர். பாஸ், பைக், பேர்ச் முதலிய மீன்கள் இந்நீரில் மிகுதி. ஆயினும் அனுமதிப் பத்திரமின்றித் தூண்டில் போடலாகாது. அரும்பாடுபட்டுப் பிடித்த மீனைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, மெல்ல நீரிலேயே விட்டுவிடுவோரும் உளர். எம்முடன் வந்த சிறுவர்க்கு அது விளங்கவேயில்லை. உண்மையில் எமக்கும் முழுதாக விளங்கிற்று என்று சொல்வதற்கில்லை.

ஆனால் எம் உள்ளத்தை ஈர்த்தது வேறொன்று. கரையோரத்தில் ஓரிடத்திலே பழைய தார் வீதியொன்று நேரே ஆற்றை நோக்கிச் சென்று, நீருள் இறங்கி மறைந்துபோகின்றது. அஃது ஒருகாலத்தில் நாட்டின் இரண்டாம் இலக்கப் பெருந்தெருவாக விளங்கிய வீதி. அது சென்று சேர்ந்த ஊர்களும் நீரின் கீழேதான் இருக்கின்றன.

அமெரிக்கப் புரட்சியின் பின் பிரித்தானிய முடியின் பக்கம் நின்றோர் 1784ஆம் ஆண்டில் இக்கரையிற் குடியேறினர். ஓல்ற்ஸ்வில், பாரன்ஸ் பொயின்ற், டிக்கின்சன்ஸ் லான்டிங், வேல்ஸ், மூலினெற், மில் றோஷ் எனப் பல ஊர்கள் வளர்ந்தன. அவற்றின் முன்னே ஆறு பெருமுழக்கத்தோடு பாறைகளிற் குதித்து ஓடிற்று. வாய்க்கால் வழியே சுற்றிச் செல்ல வேண்டிய கப்பல்களுக்கு அவ்வேகம் பெருந்தடையாயிற்று. மின்வலுவை நாடியவர்க்கோ அது வீணே ஓடும் செல்வமாகத் தோன்றியது. ஆகவே கனடாவும் அமெரிக்காவும் கூடி, கடலையும் பேரேரிகளையும் இணைக்கும் கப்பற் பாதையையும் மின் நிலையத்தையும் அமைக்கும் வேலையை 1954இல் தொடங்கின.

ஏறக்குறைய 6,500 பேர் இடம்பெயர்ந்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அப்படியே அடியோடு தூக்கிப் பெரிய சில்லு வண்டிகளில் ஏற்றிப் புதிய இடங்களுக்குக் கொண்டு சென்றனர். அலுமாரியிலுள்ள கோப்பைகளைக்கூட எடுத்து வைக்க வேண்டியதில்லை என்று வீட்டுக்காரர்க்குச் சொல்லப்பட்டதாம். அவ்வாறு வந்தவர்களின் புதிய ஊர்களுள் ஒன்றே இங்கிள்சைட். எஞ்சிய வீடுகளுள் பல எரிக்கப்பட்டன, நிழல்மரங்கள் வெட்டப்பட்டன. கல்லறைகளுட் சில பெயர்த்தெடுக்கப்பட்டன. மற்றவற்றை நீர் அரிக்காதவாறு கற்பரப்பி மூடினர். கொடுத்த விலை போதாதென்ற மனக்குறை பலர்க்கும் நெடுங்காலம் இருந்தது. அக்குவசஸ்னேயில் வாழும் மொகோக் பழங்குடியினரும் இத்திட்டத்தால் நிலமும் மீன்பிடி நீரும் இழந்தனர். விழாப் பேச்சுக்களில் அது பெரிதாக ஒலித்ததாகத் தெரியவில்லை.

1958 யூலை 1ஆந் திகதி, கனடாவின் நாட்டு நாளன்று, காலை எட்டு மணிக்கு ஆற்றைத் தடுத்து நின்ற அணை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நீர் பாய்ந்து வரும் எனக் காத்திருந்த கூட்டம் ஏமாற்றமடைந்தது. அது மெல்ல மெல்ல, வயலிலும் தெருவிலும் ஊர்ந்து, நான்கு நாளளவில் நிரம்பியது. மேடாயிருந்த நிலங்கள் தீவுகளாயின. நாம் பாதையில் கடந்த பதினொரு தீவுகளும் அவ்வாறு பிறந்தவையே. அருவியின் முழக்கம் அன்றோடு அடங்கிற்று. மறு ஆண்டு யூன் மாதத்தில் எலிசபெத் அரசியாரும் ஐசனோவர் அவர்களும் கப்பற் பாதையைத் திறந்துவைத்தனர்.

இன்றும் இந்நீரின் மட்டத்தை இவ்வூரார் தீர்மானிப்பதில்லை. கீழே கோண்வாலில், இரு நாட்டிற்கும் பொதுவாக 32 மின்பொறிகளோடு நிற்கும் அணையே தீர்மானிக்கின்றது. 2019இல் மேலேயுள்ள ஒன்ராறியோ ஏரி கரைபுரண்டு வீடுகளைச் சூழ்ந்தது. அதனைத் தணிக்க அணை வழியே விநாடிக்கு 10,400 கனமீற்றர் நீர் திறந்துவிடப்பட்டது. அவ்வளவு விரைவாக வெளியேற்றினால் அணைக்கு அண்மையிலுள்ள நீர் வற்றும். ஆகவே ஏரிக்கரையார் வெள்ளத்தில் தவிக்க, அதே ஆற்றில் இங்கே மட்டம் இறங்கிற்று. படகுத் துறைக்காரர்க்கு அது பெருந்தொல்லை. மேலேயுள்ளோர்க்கு நீரைக் கழிக்க வேண்டும். கீழே மொன்றியாலார்க்கு அளவுக்கு மீறி வரலாகாது. நடுவில் இருப்போர்க்குப் படகு மிதக்க வேண்டும். இரு நாட்டுக் கூட்டு ஆணைக்குழுவின் பணி எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் ஊரையே கொடுத்தவர்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றார்களே என்னும் எண்ணம் எமக்கு எழாமலில்லை.

நீர் அவ்வாறு வற்றும் காலங்களில் ஓல்ற்ஸ்வில்லின் நடைபாதைகளும் வீட்டு அத்திவாரங்களும் சேற்றினின்றும் வெளிப்படுகின்றன. அப்போது படகோட்டிகள் வாரார். அங்கே பிறந்து வளர்ந்து, இன்று தள்ளாத வயதினராயுள்ளோர் பேரப்பிள்ளைகளின் கைபற்றி வந்து, தம் வீட்டு வாசற்படி எது, அயல்வீட்டு வாசற்படி எது என்று தேடிப் பார்ப்பர்.