துஆவைப் பாடமாக்கினேன், காலைப் பழக்கவில்லை



2019 இல் அல்லாஹ்வின் அருளால் நானும் என் கணவரும் ஹஜ்ஜுக்குப் போனோம். போகுமுன் வகுப்புகளுக்குச் சென்றேன். தல்பியாவையும் துஆக்களையும் பாடமாக்கினேன். இஹ்ராமில் கூடாதவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தேன். என் கால்கள் இந்தப் பயணத்துக்குத் தயாரா என்று மட்டும் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. நாள் முழுக்க வீட்டு வேலை செய்பவள்தானே, நடக்க ஏலாதா என்று இருந்துவிட்டேன்.

அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடப்பது வேறு. ஸஃபா, மர்வாவுக்கிடையில் ஏழு முறை செல்வதே சுமார் 3 கிலோமீற்றர். அதற்கு முன் தவாபு. துல்ஹஜ் பிறை 8 இல் மினா, 9 இல் அரபா, அன்றிரவு முஸ்தலிபா. 10 இல் மினாவில் கல்லெறிந்து, மக்கா சென்று மீண்டும் தவாபு. 11, 12 இலும் கல்லெறிய வேண்டும். பஸ் உண்டுதான். ஆனால் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நகரும்போது பல இடங்களில் நடந்தே ஆகவேண்டும். நேற்று நொந்த காலோடு இன்றும் நடக்க வேண்டியிருப்பதுதான் இதில் சிரமம்.

பயணத்துக்கென வாங்கிய புதுச் செருப்பு, பிறை 10 அன்றே குதிகாலைக் கொப்புளமாக்கியது. மறுநாள் முழங்காலும் வீங்கியது. மற்ற நாட்களின் கற்களைக் கணவரிடம் கொடுத்தேன். இயலாதவருக்காக இன்னொருவர் எறிய மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனாலும் கூடாரத்தில் கிடந்த எனக்கு அழுகை அடங்கவில்லை. நோயால் வந்த இயலாமை என்றால் மனம் ஆறியிருக்கும். இது என் கவனயீனத்தால் வந்தது.

இப்போது என் ராத்தா ஆயத்தமாகிறார். வயது 58, சீனி வியாதியும் உண்டு. முதலில் டொக்டரிடம் கூட்டிச் சென்று காலையும் பிரஷரையும் காட்டினோம். பிறகு சுபஹுக்குப் பின் இருவரும் நடக்கத் தொடங்கினோம். முதல் வாரம் 20 நிமிடம்.

இரண்டாம் நாளே வேலிக்கு மேலால் ஒரு குரல்: "என்ன ராத்தா, இந்த வயசில ரேஸுக்கா போறீங்க?" ராத்தா கூசிப்போனார், "நாளைக்கு நான் வரமாட்டன்" என்றார். நான் சொன்னேன்: "பிள்ளைக்குத் தண்ணி தேடி ஹாஜர் அம்மையார் ஓடினதை நினைச்சுத்தானே ஸஃயீ செய்யப் போறீங்க? ஒரு பெண் நடந்த நடையை அல்லாஹ் ஹஜ்ஜிலேயே வச்சிருக்கான். நமக்கு என்ன வெட்கம், ராத்தா?" மறுநாள் எனக்கு முன்பே அவர் வாசலில் நின்றார்.

நீங்களும் மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். கடைசி மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் நீண்ட நேரம் நடந்து பாருங்கள். களைத்த கால் எப்படி நடக்கும் என்பது அப்போதுதான் தெரியும். படியேறிப் பழகுங்கள். போட்டுக்கொண்டு போகும் செருப்பையோ சப்பாத்தையோ போட்டே நடந்து பழக்குங்கள். பெண்கள் இஹ்ராமில் காலுறை அணியலாம், சீனி வியாதிக்காரருக்கு அது மிக அவசியம். இஹ்ராமுக்கு முன் கால் நகங்களை வெட்டிவிடுங்கள். தொடை உரசும் இடத்துக்கு வாசனையில்லாத வெஸ்லின் போதும்.

வெயிலை இலேசாக எண்ணாதீர்கள். 2024 ஹஜ்ஜில் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் மௌத்தானதாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதிப் பத்திரமின்றி வந்து, நிழலும் ஓய்வுமின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். குடையைக் கைவிடாதீர்கள். தாகிக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். ஜீவனி பக்கற்றுகள் சிலவும் பையில் இருக்கட்டும்.

ராத்தா இப்போது ஒரு மணித்தியாலம் நடக்கிறார், நடந்துகொண்டே தல்பியாவை ஓதுகிறார். தன் கற்களைத் தன் கையாலேயே எறியும் பாக்கியத்தை அல்லாஹ் அவருக்கும், நிய்யத்து வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.