கற்கிடங்கும் மாரிவெள்ளமும்

விழா மலர்களிலே பழைய மாணவர் தம் ஆசிரியரையும் விளையாட்டு வெற்றிகளையும் நினைவுகூர்தல் மரபு. அவற்றை எழுதுதற்கு என்னினும் வல்லார் பலர் உளர். ஆதலின் என் ஊரைச் சார்ந்த காரியம் ஒன்றைப்பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். அது நம் கிணறுகளைப் பற்றியதாகலின், இம்மலரைப் படிப்போர் யாவர்க்கும் உரியதே.

யான் பிறந்த ஊர் மயிலிட்டி. அதன் மேற்கே அணித்தாக உள்ளது காங்கேசன்துறை. சுண்ணக்கல் நிலமட்டத்துக்கு அண்மையிலேயே கிடைத்தமையால், 1950ஆம் ஆண்டில் அங்கே சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நாற்பதாண்டு நாட்டுக்குச் சீமெந்து தந்த அவ்வாலை 1990இல் போரினால் நின்றது. அவ்வாண்டே எங்கள் ஊர் மக்களும் ஊரைவிட்டு அகன்றனர். மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலமும் 2017 யூலையிலேதான் மீண்டன. திரும்பியோர் தம் வீடுகளின் இடிபாட்டைக் கண்டனர். அயலிலே கல்லகழ்ந்த கிடங்குகள் நீர் தாங்கிக் கிடக்கவும் கண்டனர்.

அக்கிடங்குகளை என் செய்வது? மண்ணிட்டு நிரப்புக என்பார் சிலர். மாரிவெள்ளத்தை அவற்றுட் பாய்ச்சிக் குளமாக்குக என்பார் சிலர். பின்னதே எனக்கும் உவப்பு. எனினும் வெள்ளத்தை வந்தவாறே உள்ளே விடுதல் தகாது.

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மண்ணினூடே இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலே தங்கி, கீழுள்ள உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. அந்நீரே நம் கிணற்றுநீர். கீரிமலையிலே கடலோரத்தில் ஊறும் நன்னீரும், புத்தூர் நிலாவரையின் ஆழமும் கல்லுக்குள் நீர்வழிகள் உள என்பதற்குச் சான்றாம்.

மேலே கிடக்கும் செம்மண் அந்நீருக்கு இயற்கை அமைத்த வடி. கல்லகழ்ந்த இடத்தில் அவ்வடி இல்லை. அங்கு வெள்ளம் கொணரும் சேறும், அதனோடு ஒட்டிவரும் உரமும் எண்ணெயும் நேரே வெடிப்புக்களிற் புகும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கண்டு மக்கள் கலங்கியதை நாம் மறக்கவில்லை. மேலும், அடியிலே படியும் களி நாளடைவில் வெடிப்புக்களை அடைத்து, நீர் நிலத்துட் செல்லாதபடியும் தடுக்கும். கிடங்கில் நீர் நிறைந்திருக்கும். கிணற்றுக்கோ அதனாற் பயனிராது.

ஆதலின் நீரை உள்ளே விடுமுன் மண்ணை வாயிலில் நிறுத்தவேண்டும். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் வீழும் நீர் 500 கனமீற்றர். அஃதாவது 5 இலட்சம் லீற்றர். இதிற் பாதி ஓடிவரினும் அதனைத் தாங்குதற்கு ஒரு முன்குளம் வேண்டும். அசையாத நீரிலே நுண்மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்கச் சில நிமிடம் போதும். நுண்வண்டலுக்கு ஏறத்தாழ 3 மணிநேரம் செல்லும். மிக நுண்ணிய களிக்கோ 10 நாளும் போதா. எனவே மணலையும் வண்டலையும் முன்குளம் பிடித்துவைக்கும். மாரி முடிந்தபின் அதனைத் தூர்வாரித் தோட்டத்துக்கு இடலாம். களியை அவ்வாறு பிடித்தல் அரிது. அதனை இருந்த இடத்தைவிட்டுப் பெயராமற் காத்தலே வழி. அதற்குக் கிடங்கின் விளிம்பிலே வரம்பும், சரிவிலே புல்லும் வெட்டிவேரும் மரமும் வேண்டும்.

வெறுங்கல்லில் மரம் வளருமோ எனச் சிலர் ஐயுறுவர். கெனியா நாட்டு மொம்பாசாவுக்கு அண்மையில் உள்ள பம்புரியிலும் நம்மூரைப் போலவே கடலோரத்துச் சுண்ணக்கல்லை அகழ்ந்து சீமெந்து செய்தனர். அக்கிடங்குகளில் 1971இல் ரெனே ஹாலர் என்பவர் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். 3 வகையே பிழைத்தன. அவற்றுட் சவுக்கு ஒன்று. அதன் சருகு எளிதில் மக்கவில்லை. மரவட்டைகளைக் கொணர்ந்து விட்டனர். அவை சருகைத் தின்று எருவாக்கின. வெறுங்கல்லின்மேல் மண் பிறந்தது, காடு எழுந்தது. அது இன்று அவர் பெயராலே பூங்காவாக விளங்குகின்றது. சவுக்கு நமக்குப் புதிதன்று; காரைநகரிலே ஒரு கடற்கரையே அதன் ஆங்கிலப் பெயரால் வழங்குகின்றது.

இப்பெரும்பணி அரசினரும் பொறியியலாளரும் செய்யத்தக்கது. ஆயினும் நம் மாணவர் இன்றே தொடங்கத்தக்க சிறுபணி ஒன்றுண்டு. மாரிமழை நாள்தோறும் கிடங்குக்குட் பாயும் நீரிற் கண்ணாடிப் போத்தல் ஒன்றை நிரப்பி அசையாது வைத்து, மறுநாள் அடியிற் படிந்த மண்ணை அளந்து எழுதுக. எந்த வாய்க்கால் மிகுந்த சேறு கொணர்கின்றது என்பதை அக்குறிப்பு காட்டும். சில மாரிகளின் குறிப்பு சேருமாயின், முதல் வரம்பை எங்கே கட்டுவது என்று கேட்கும் பொறியியலாளருக்கு நம் கல்லூரி மாணவர் விடை கூறலாம்.