கல்வெட்டு சொல்லாதது

எம் தாய்வழிப் பாட்டனார் சென்ற ஆண்டு தமது 88ஆவது வயதிற் காலமானார். 31ஆம் நாள் வெளியிடப்பெற்ற கல்வெட்டிலே வம்சாவளியும் வெண்பாக்களும் குறைவின்றி இருந்தன. குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்ற புகழ்மொழி மூன்றிடங்களில் வந்தது. ஆயின், அவர் 32 ஆண்டுகள், பெரும்பாலும் கோண்டாவில் டிப்போவில், பஸ் இயந்திரம் திருத்திய தொழிலாளி என்பது ஒரு வரியிற்கூட இல்லை. ‘அரச சேவை’ என்று போட்டால் போதுமாம்! எம் வகுப்பு மாணவரும் தந்தையின் தொழில் யாதெனக் கேட்டால் அவ்வாறே எழுதித் தருகின்றனர்.

இளமையில் அவர் தனியார் பஸ் கம்பனி ஒன்றின் பட்டறையிற் கையாளாக இருந்தார். அங்கே வேலைக்கு நேரமில்லை, சம்பளத்துக்கு நாளுமில்லை. 1958 ஜனவரி 1இல் பஸ் சேவை தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் அதே ஆண்டிலேதான் வந்தது. உழைப்பவனுக்கும் முதுமை உண்டென்பதை நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது.

மாலையில் வீடு வந்ததும் கிணற்றடியில் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கொண்டு கைகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே பிள்ளைகளைத் தூக்குவாராம். மூன்று பெண்களையும் படிப்பித்தார். 1990இல் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமலாபப் பணமோ ஓராண்டும் தங்கவில்லை. அது சின்னம்மாவின் சீதனமாயிற்று.

அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பிளக்குகளிற் கரி படிந்துகொண்டேயிருக்கும். அடிக்கடி கழற்றிச் சுரண்டவேண்டும். 60 வயதை நெருங்கிய அக்கைகள் சுரண்டின. பெற்றோற் போத்தலைப் பிடிப்பது சிறுவராயிருந்த எமது பணி. அது அவரது கெட்டித்தனம் என்று ஊரார் மெச்சினர். கெட்டித்தனந்தான்! ஆனால் ஓய்வுப் பணம் கையில் இருந்திருப்பின் அவ்வயதிற் காருக்கடியிற் படுத்திருக்க வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் வெறிச்சோடத் தொடங்கியபோது, அவர் சைக்கிளில் முதலிற் கட்டியது கருவிப் பெட்டியை. கொடிகாமத்தில் எமக்குச் சோறு போட்டது அதுவே.

குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்பதில் எமக்கு ஐயமில்லை. அதனை எழுதியோருள் அச்சீதனத்தை எண்ணி வாங்கியவரும் ஒருவர்.

இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர் எம் தம்பிக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினர். பெண்ணின் தகப்பனார் லொறிச் சாரதி. “பொடியனுக்கெண்டு ஒண்டும் கேக்கப்படாது, அவனும் என்னைப்போல உழைச்சவன்தானே” என்றார் பாட்டனார். ஆண்டுத் திவசம் முடியட்டும் எனப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கின்றனர். தம்பி வாய் திறக்கவில்லை. நாம் திறந்தோம், வீட்டில் இப்போது எம்முடன் பேசுவோர் குறைவு.