பெரியாற்றுத் தண்ணீரில் ஒரு சிவப்பு

பிப்ரவரி 9

மீன்தொட்டிக்கு ரொட்டாலா மக்ராண்ட்ரா என்ற செடி ஒரு கட்டு வாங்கி வந்தேன். நர்சரியில் நீருக்கு வெளியே ஈரத்தில் வளர்த்திருக்கிறார்கள், இலையெல்லாம் பச்சை. தண்ணீருக்குள் விடும் புது இலைதான் சிவக்கும். பலர் இதை வெளிநாட்டுச் செடி என்று நினைக்கிறார்கள். தாயகம் தென்மேற்கு இந்தியா. மருதாணி, மாதுளையின் குடும்பமான லித்ரேசியேதான் இதற்கும் குடும்பம்.

பிப்ரவரி 11

மதுரையில் எங்கள் தெருவின் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாக உப்புப் படிய விடும். இந்தச் செடிக்கு உப்பு குறைந்த நீர் வேண்டும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக வைத்திருந்து ஊற்றினேன். அது வைகை அணைத் தண்ணீர். 1895-இல் பெரியாறு அணை வந்தபின், அரபிக்கடலுக்குப் போன நீரில் ஒரு பங்கு மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வைகைக்கு வருகிறது. செடிக்கும் மதுரையின் தாகத்துக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைதான் ஊற்று.

மார்ச் 3

பாட்டிலில் சீனி, ஈஸ்ட், வெதுவெதுப்பான நீர். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு குழாய் வழியே தொட்டிக்குள் போகிறது. ராத்திரியில் செடி அதை எடுத்துக்கொள்ளாது. மீனுக்கு மூச்சு முட்டாமலிருக்கக் காற்று மோட்டாரைப் போட்டுவிடுகிறேன்.

மார்ச் 24

நுனி சிவந்துவிட்டது! இரும்புச்சத்து போட்டால் சிவக்கும் என்பார்கள். ஆனால் இரும்பு பச்சையம் உருவாகத்தான் தேவை. அது குறைந்தால் தளிர் வெளிறும். சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். மாந்தளிரைச் சிவக்க வைப்பதும் அதுவே. ஒளி மிகுந்து நைட்ரேட் குறைந்தால் இலையில் அது கூடும். உரத்தைக் குறைத்து, விளக்கை எட்டு மணி நேரம் எரிய விடுகிறேன்.

மே 6

வெளியே 40 டிகிரி. தொட்டி நீர் 28-ஐத் தாண்டினால் செடிக்கு ஆகாது. மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பில் படும்படி மின்விசிறி வைத்தேன். ஆவியாகும் நீர் சூட்டைக் கொண்டுபோகும், உப்பை விட்டுப்போகும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுகிறேன்.

ஜூன் 15

நுனிகளைக் கிள்ளி மறுபடி நட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் கொஞ்சம் கொடுத்தேன். ஒரு கிள்ளு நுனியே தோட்டமாகும். மலை ஓடையில் யாரும் பறிக்க வேண்டியதில்லை. "மிச்சத்தைக் கண்மாயில போட்டுறாதப்பா" என்றேன். வைகையை மூடும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததுதான். தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கு ஆற்றைக் காக்கும் பொறுப்பும் உண்டு.